சதங்கையும் பட்டமும்

நாட்டியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக வைத்துப் பட்டமும் கொடுக்கலாம் என்று ஒரு பல்கலைக்கழகத்தை முதலில் சம்மதிக்க வைத்தவர், உயிரியல் படித்த ஒரு அமெரிக்கப் பெண்மணி. பெயர் மார்கரெட் டோப்ளர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குக் கூடைப்பந்து பயிற்சி கொடுத்துக் கொண்டிருந்தவர். வகுப்பில் ஒரு எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டு, எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கும் என்று காட்டித்தான் நாட்டியம் சொல்லிக் கொடுப்பாராம். 1926-ல் அங்கே நாட்டியத்தில் பட்டப் படிப்பு ஆரம்பமாயிற்று. மேடைக்கு ஆள் தயார் செய்வது அவருடைய நோக்கமே இல்லை. உடம்பும் மனசும் சேர்ந்து வளர நாட்டியம் ஒரு வழி என்பது அவர் கொள்கை. பட்டம் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆசிரியைகளானார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

நானும் சயன்ஸ் பட்டதாரிதான்; கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி. நாட்டியத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். அலாரிப்புக்கும் ஜதிஸ்வரத்துக்கும் வித்தியாசம் எனக்கு ரிடையர் ஆன பிறகுதான் தெரியும். ஆனால் சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு, ஒரு படிப்பு எப்படி அங்கீகாரம் பெறுகிறது, அந்த அங்கீகாரம் யாருக்குச் சோறு போடுகிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது என்பது கொஞ்சம் புரியும். அந்தக் கண்ணோடுதான் இந்தச் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

நம் நாட்டில் இந்தக் கதை தஞ்சாவூரில் ஆரம்பித்து குஜராத்துக்குப் போகிறது. 1880-ல் பரோடா மகாராஜா மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், தஞ்சாவூர் மராட்டிய அரச குடும்பத்துப் பெண் லட்சுமிபாயை விவாகம் செய்துகொண்டார். புக்ககத்தில் அவருக்குச் சிம்னாபாய் என்று பெயர் வைத்தார்கள். நம்மகத்துப் பெண்ணுக்கு வெள்ளிப் பாத்திரமும் பட்டுப்புடவையும் சீர் வைப்பது போல, அந்த ராஜகுமாரிக்குச் சீராகத் தஞ்சாவூரிலிருந்து ஒரு நாட்டியக் குழுவே போயிற்று. நட்டுவனார், பக்கவாத்தியக்காரர்கள், ஆடும் பெண்கள் எல்லோரும் பரோடாவில் குடியேறினார்கள். கௌரா, காந்திமதி என்ற இருவரின் பெயர்கள் அந்த அரண்மனையின் நாட்டிய வரலாற்றில் நிலைத்துவிட்டன.

சயாஜிராவ் நிர்வாகத்தில் கெட்டிக்காரர். பாடுபவர், ஆடுபவர், வாத்தியக்காரர் எல்லோரையும் ஒரு இலாகாவின் கீழ் கொண்டுவந்தார். சம்பளமும் விடுப்பும் எழுதிவைத்த விதிகளின்படி நடந்தன. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை, சர்வீஸ் ரூல்ஸோடு வாழ்ந்தவர்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள். ராஜா மனசு வைத்தால் தங்கக் காப்பு, முகம் திருப்பினால் பட்டினி என்று இருந்த கலைஞனின் வாழ்க்கை, முதல் தேதி சம்பளம் என்ற நிலைக்கு வந்தது. 1886-ல் மௌலா பக்ஷ் என்ற சங்கீத வித்வானை வைத்து மகாராஜா ஒரு சங்கீதப் பள்ளியையும் தொடங்கினார்.

சுதந்திரத்துக்குப் பின், 1949-ல் பரோடாவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. பழைய சங்கீதப் பள்ளியின் வழிவந்த கல்லூரி அதில் சேர்ந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே நாட்டியமும் பட்டப் படிப்பாக அங்கே இடம் பெற்றது. நாட்டியத் துறைக்குத் தலைமை ஏற்றவர் மோகன் கோக்கர்; பஞ்சாபிலிருந்து அடையாறுக்கு வந்து கலாக்ஷேத்ராவில் பரதம் பயின்றவர். அவரோடு அங்கே கற்பித்தவர் குபேர்நாத் தஞ்சாவூர்கர். பெயரே சொல்லும், அந்தச் சீராகப் போன தஞ்சாவூர்க் குழுவின் வழி வந்தவர். தஞ்சையில் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையில் தட்டுக்கழி பிடித்துச் சொல்லிக் கொடுத்த வித்தை, குஜராத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வருகைப் பதிவேட்டில் ஏறியது. பரம்பரைக் கலைஞரின் குடும்பத்தவர் பல்கலைக்கழக ஆசிரியர் ஆனார்! பரோடா கதையில் எனக்கு மிகவும் பெரியதாகப் படுவது இதுதான்.

ஏனென்றால் அதே காலத்தில் மதராஸில் நடந்தது வேறு.

கல்லிடைக்குறிச்சிக்காரரான வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர், சதிர் என்று இகழப்பட்ட ஆட்டத்துக்காக ஊர் ஊராகப் பேசினார். தானே பெண் வேஷம் கட்டி ஆடியும் காட்டினார். அவர் முயற்சியால் மியூசிக் அகாடமி 1931-லும் 1933-லும் கல்யாணி சகோதரிகளின் ஆட்டத்தை மேடையேற்றியது. அகாடமியில் அந்த ஆட்டத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர்களில் ருக்மிணி தேவி அருண்டேலும் ஒருவர். அவர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாறில் ஆடினார். அடுத்த ஆண்டு பிறந்தது கலாக்ஷேத்ரா. அதன் பிறகுதான் நம் அகங்களில் பெண் குழந்தைகளுக்கு ஐந்து வயதில் சதங்கை கட்டும் துணிச்சல் வந்தது. இது நமக்கெல்லாம் தெரிந்த கதை. விழாக்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை.

சொல்லாமல் விடும் பாதியையும் சொல்லிவிடுகிறேன். 1947-ல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் மதராஸ் மாகாணத்தில் வந்தது. கொடுமைகளை நிறுத்த அது அவசியமாக இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களில் இருந்த வித்தைக்கு என்ன மாற்று ஏற்பாடு என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நட்டுவனார்கள் நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துச் சில காலம் பிழைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களோ பெரும்பாலும் மேடையை விட்டே விலகினார்கள். கலையை நாம் காப்பாற்றினோம் என்று சொல்லும்போது, யாரிடமிருந்து வாங்கிக் காப்பாற்றினோம் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். நம்மவர்களில் சிலர் இதைப் படித்து முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

அந்த மரபின் சிகரமான பாலசரஸ்வதி எந்தக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. 1962-ல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் அவரைக் கற்பிக்க அழைத்தது. ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டம் அவரைத் தேடிப் போயிற்று. ஆனால் எல்லோரும் பாலசரஸ்வதி ஆக முடியுமா?

என் பணிக்காலத்தில் ஒரு தேர்வுக் குழுவுக்குக் குறிப்பெடுக்கும் வேலை எனக்கு வந்தது. எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். நாட்டிய ஆசிரியர் பதவி ஒன்று. விண்ணப்பித்தவர்களில் ஒருவர் நட்டுவனார் குடும்பத்துப் பெரியவர், ஐம்பது வயதிருக்கும். ஆடிக் காட்டச் சொன்னபோது உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பதத்துக்கு அபிநயம் பிடித்தார். அறையில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் விதியில் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்லது டிப்ளமா என்று இருந்தது. அவரிடம் இருந்தது குருவின் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். கோப்பில் 'தகுதி இல்லை' என்று எழுதினார்கள். டிகிரி என்ற சொல்லை நான் அதற்கு முன் அவ்வளவு கனமாக உணர்ந்ததில்லை.

இந்த இடைவெளியைப் பின்னால் விதி எழுதுபவர்களும் உணர்ந்தார்கள் போலிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நியமன விதிகளில், சங்கீதம் நாட்டியம் போன்ற துறைகளுக்கு மட்டும் ஒரு பக்கக் கதவு வைத்திருக்கிறார்கள். பேர் பெற்ற குருவிடம் பயின்று, தொழிலில் சிறந்து விளங்கும் கலைஞரை, வழக்கமான முதுகலைப் பட்டமும் நெட் தேர்வும் இல்லாமலே உதவிப் பேராசிரியராக எடுக்க அது இடம் கொடுக்கிறது. அந்தப் பெரியவருக்குத்தான் அது உதவவில்லை.

பரோடாவுக்கே திரும்புகிறேன். அங்கே பின்னாளில் நாட்டியத் துறைத் தலைவராகவும், நிகழ்கலைப் பிரிவின் டீனாகவும் இருந்தவர் சி.வி. சந்திரசேகர். சிம்லாவில் பிறந்த தமிழர். பத்து வயது வாக்கில் கலாக்ஷேத்ராவில் சேர்ந்து பரதமும் சங்கீதமும் கற்றவர். அதே சமயம் காசி ஹிந்து பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் எம்.எஸ்ஸி. பட்டமும் பெற்றவர்! ஆண் பிள்ளை பரதம் ஆடி எப்படிக் குடும்பம் நடத்துவது என்று உறவினர் கவலைப்படும் காலம் அது. காசியிலும் பிறகு பரோடாவிலும் பல்கலைக்கழக வேலை இருந்ததால்தான் அந்தக் கேள்விக்கு அவரால் நிம்மதியாகப் பதில் சொல்ல முடிந்தது என்பது என் அனுமானம். 1992-ல் ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்தார். எழுபது வயதைத் தாண்டியும் மேடையில் அரைமண்டி தாழாமல் ஆடினார். 2011-ல் பத்ம பூஷண். 2024 ஜூனில் காலமானார். ஓய்வுக்குப் பிறகு நான் காலை நடைப் பயிற்சிக்கே சாக்கு சொல்லிக்கொண்டிருந்த வருஷங்களில் அவர் வர்ணம் ஆடிக் கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகத்தால் மட்டுமே முடியும் என்று சொல்லத்தக்க காரியமும் ஒன்று உண்டு. பத்மா சுப்ரமணியம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக, நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களைச் சிற்பங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். வழிகாட்டியவர் தொல்லியல் அறிஞர் டி.என். ராமச்சந்திரன். கோயில் சிற்பத்தில் ஒரு கணத்தில் உறைந்து நிற்கும் உருவத்துக்கு முன்னும் பின்னும் அசைவு என்னவாக இருந்திருக்கும் என்று தேடுவதற்கு நாட்டியமும் தெரிய வேண்டும், சமஸ்கிருதமும் தெரிய வேண்டும், கல்லும் தெரிய வேண்டும். குரு வீட்டுக் கூடத்தில் இவை மூன்றும் ஒன்று சேருவது அபூர்வம்.

இனி நம் ஊர்.

தெலுங்கு தேசத்தில் நாட்டியம் என்றால் குச்சிப்புடி. கிருஷ்ணா நதிப் பக்கத்துக் கிராமத்தில் பிராமணக் குடும்பத்து ஆண்கள் மட்டுமே ஆடிவந்த நாடகம் அது. பெண்கள் ஆடுவது பின்னால் வந்தது. அதை மேடைக் கலையாக உலகறியச் செய்த வெம்பட்டி சின்ன சத்யம், 1963-ல் தம் அகாடமியை நிறுவியது நம் மதராஸில்தான். குச்சிப்புடியும் சாஸ்திரிய நாட்டியமே என்று நிலைநாட்ட, 1959-ல் ஹைதராபாத்தில் ஒரு கருத்தரங்கே நடத்த வேண்டியிருந்தது. பரதத்துக்கு இருந்த கௌரவம் தங்கள் ஆட்டத்துக்கு இல்லையே என்ற ஆதங்கம் தெலுங்கு அன்பர்களுக்கு இருந்ததில் ஆச்சரியமில்லை.

1974-ல் மத்திய சட்டத்தின் மூலம் ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அபிட்ஸ் பக்கத்தில் சரோஜினி நாயுடுவின் குடும்ப வீடு 'கோல்டன் திரெஷோல்ட்' இருக்கிறது. 1905-ல் வந்த அவருடைய கவிதைத் தொகுப்பின் பெயரே வீட்டின் பெயரும். அவர் மகள் பத்மஜா நாயுடு அந்த வீட்டைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். பல்கலைக்கழகம் தன் ஆரம்ப நாட்களைக் கழித்தது அங்கேதான். 1988-ல் நாட்டியம், நாடகம், ஓவியம், தொடர்பியல் ஆகியவற்றைச் சேர்த்து சரோஜினி நாயுடுவின் பெயரிலேயே ஒரு பள்ளியை நிறுவி, அதையும் முதலில் அங்கேயே நடத்தினார்கள். பின்னர் அது கச்சிபௌலி வளாகத்துக்கு இடம் மாறியது. 1985-ல் ஏற்பட்ட தெலுங்குப் பல்கலைக்கழகத்திலும் நாட்டியத்தில் மேற்படிப்பு வந்தது. ஒரே ஊரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் நாட்டியத்துக்கு முதுகலைப் பட்டம் கொடுப்பது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

கச்சிபௌலியில் நாட்டிய முதுகலை இரண்டு வருஷம், நாலு செமஸ்டர். குச்சிப்புடி அல்லது பரதநாட்டியம் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டப் பயிற்சியோடு நாட்டிய சாஸ்திரம், நட்டுவாங்கம், நாட்டிய அமைப்பு, ஆராய்ச்சி முறை எல்லாம் உண்டு. அதற்கு மேல் பிஎச்.டி. ஏற்கெனவே பல வருஷம் குருவிடம் கற்றவர்களுக்குத்தான் அங்கே இடம். அடவிலிருந்து ஆரம்பித்துச் சொல்லித் தர மாட்டார்கள். பட்டத்தின் பெயர் மாஸ்டர் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ். தமிழில் சுருக்கினால் எம்.பி.ஏ. என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் அப்படி அச்சிட்டதைப் பார்த்து, பெண் எந்த பாங்கில் வேலை பார்க்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டு உறவினர் விசாரித்ததை நானே கேட்டேன்.

குகட்பள்ளியில் எங்கள் ஹவுசிங் போர்டு காலனியிலிருந்து அந்த வளாகம் அதிக தூரமில்லை. பி.எச்.இ.எல்., ஐ.டி.பி.எல். என்று பொதுத்துறை ஆலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. சாயங்காலம் எங்கள் தெருவில் நடந்தால் இரண்டு மாடிகளிலிருந்தாவது தட்டுக்கழி சத்தம் கேட்கும். ஆனால் பத்து வருஷம் கற்று, லட்சக்கணக்கில் செலவழித்து அரங்கேற்றம் நடந்த பிறகு, பெரும்பாலான பெண்களின் சதங்கை பீரோவுக்குள் போய்விடுகிறது. இன்ஜினியரிங் கவுன்சலிங் வந்துவிடும். அரங்கேற்றத்தை நம்மவர்கள் ஆரம்பமாக நினைப்பதில்லை. பூர்த்தி ஹோமமாக நினைக்கிறார்கள்.

மூன்று வருஷம் முன்பு எதிர் ஃபிளாட்டில் இருக்கும் அன்பர், நம் சங்க உறுப்பினர்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். பெண் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு நாட்டியத்தில்தான் மேற்படிப்பு என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். இடமும் கிடைத்துவிட்டது.

"மாமா, நீங்க கவர்மென்ட்ல இருந்தவர். உள்ளது உள்ளபடி சொல்லுங்கோ. இதைப் படிச்சா சோறு போடுமா?"

நான் அவருக்குச் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தால் ஏழாவது சம்பளக் கமிஷன்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். வேதியியலுக்கும் அதேதான், நாட்டியத்துக்கும் அதேதான். அதற்கு முதுகலையும் நெட் தேர்விலே தேர்ச்சியும் வேண்டும். நெட்டில் நாட்டியமும் நாடகமும் சேர்ந்த தாள் தனியாக உண்டு. ஜூனியர் ஃபெலோஷிப்போடு தேறினால், ஆராய்ச்சி செய்யும்போது மாதம் 37,000 ரூபாய். 2023 முதல் இந்தத் தொகை. 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் இரண்டு வருஷத்துக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. வெளிநாடுகளில் இந்தியக் கலாசார மையங்களுக்கு நாட்டிய ஆசிரியர்களை அனுப்புகிறார்கள். பள்ளிக்கூடங்களில் வேலை உண்டு, பெரும்பாலும் ஒப்பந்தத்தில். பல்கலைக்கழகங்களில் நாட்டியத் துறைகளே குறைவு. அதில் காலியிடம் இன்னும் குறைவு. கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் கௌரவம் மட்டும் கொடுத்துச் சம்பளத்தை இழுத்தடிக்கும் இடங்களும் இருக்கின்றன.

மேடையைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பட்டம் உதவாது என்றேன். எந்தச் சபா செயலாளரும் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை. பக்கவாத்தியத்துக்கும் உடைக்கும் ஒப்பனைக்கும் ஆடுபவரே செலவழித்து, கைக்காசு போட்டு ஆடும் நிலைதான் பலருக்கு. பெயர் பெற்ற நாட்டியக்காரர்களில் பலர் வீட்டில் வேறு வருமானம் இருந்ததால் தாக்குப்பிடித்தவர்கள். இந்தப் படிப்பு தயார் செய்வது ஆசிரியரையும் ஆராய்ச்சியாளரையும். மார்கரெட் டோப்ளரின் காலத்திலும் அப்படித்தான், பரோடாவிலும் அப்படித்தான். நாட்டியத்தோடு வாழ்நாள் முழுக்க இருக்க அது ஒரு வழி. நட்சத்திரமாக அதில் வழியில்லை. இதைத் தெரிந்துகொண்டு பெண் போகிறாளா என்று கேளுங்கள் என்றேன்.

அவர் எழுந்து போய்ப் பெண்ணையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவள் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"மாமா, எனக்கு இதெல்லாம் தெரியும். என் சீனியர்ஸ் சொல்லிருக்கா. நான் ஆடறேன், ஆனா ஏன் அப்படி ஆடறோம்னு எனக்குத் தெரியலை. அது தெரியணும். அதுக்குத்தான் போறேன்" என்றாள்.

அப்பாவுக்கு அது பதிலாகப் பட்டதோ இல்லையோ, எனக்குப் பட்டது. சேர்ந்தாள். ஆய்வேட்டுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், தஞ்சாவூரிலிருந்து வெளியூர் போன நட்டுவனார் குடும்பங்கள். பரோடா பற்றி நான் மேலே எழுதியதில் பாதி அவள் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களிலிருந்து தெரிந்துகொண்டதுதான். குபேர்நாத் தஞ்சாவூர்கர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் 'மாஸ்டர்' என்று சேர்த்துத்தான் சொல்வாள்.

படிப்பு முடிந்துவிட்டது. நெட் முதல் தடவை சில மதிப்பெண்களில் தவறிப்போயிற்று. மறுபடி எழுதியிருக்கிறாள். இதற்கிடையில் மொட்டை மாடியில் கூரை போட்டு வகுப்பு நடத்துகிறாள். தமிழ், தெலுங்கு, ஹிந்தி பேசும் குழந்தைகள் கலந்து வருகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அடவு சொல்லித் தருமுன், முழங்காலும் இடுப்பும் எப்படி மடங்குகின்றன என்று சுவரில் மாட்டிய ஒரு படத்தைக் காட்டுகிறாளாம். அந்தப் படம் ஒரு எலும்புக்கூடு. கட்டணப் பதிவேட்டை அவளுடைய அப்பா பார்த்துக்கொள்கிறார். போன மாதம் அதைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.